ஆட்டுத்தோல் துண்டும் முழங்கால் தண்ணீரும்

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. அம்மா இல்லாத எங்கள் வீட்டில், கைக்குழந்தையோடு அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர். குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அவருடைய அம்மா ஏதோ சொல்ல, அக்கா பதில் பேசிவிட்டாளாம். அதுதான் குற்றம். கொண்டுவந்து விட்டவர்தான் வந்து கூப்பிட வேண்டும், நாமாக அனுப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களைப் பெற்ற அத்தாவும் அதையே சொல்லிவிட்டார். அக்கா புருஷன் வீட்டில் வாழப்போகிறாளா, எங்கள் வீட்டோடு இருந்துவிடப் போகிறாளா என்பது அவர் வருவதைப் பொறுத்து நின்றது. அவர் வரவில்லை.

நானும் அத்தாவும் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை பார்த்தோம். தோல்ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கன்னிவாடி ரோட்டுக் குளத்துக்கு மீன் பிடிக்கப் போவேன். வேறொரு ஷாப்பில் வேலை பார்த்த மச்சானும் அங்கேதான் வருவார். நான் மேற்குக் கரை, அவர் கிழக்குக் கரை. பேச்சு கிடையாது. அவருடைய அத்தா வெட்டிய குளமா என்ன, நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அந்தக் கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. விரால்கள் கோரைக்குள் பதுங்கிக் கிடந்தன. மச்சான் தூண்டில் முள்ளில் தவளையைக் குத்தி, ஈயக்குண்டு கட்டி வீசுவார். அது பொத்தென்று விழுந்து சேற்றில் புதையும். பக்கத்தில் கிடந்த விரால் மிரண்டு ஓடிவிடும். அந்த மனுஷனுக்கு எல்லாவற்றிலும் கனம் வேண்டும். பேச்சில் அதட்டல், தூண்டிலில் ஈயம்.

நான் ஈயமே கட்டுவதில்லை. ஷாப்பில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, வால் பக்கத்தை இரண்டாகக் கீறி, முள்ளை உள்ளே செருகிவிடுவேன். ஆவாரம்பட்டையில் பதமான தோல், தவளைக்குஞ்சு நிறத்தில் இருக்கும். காய்ந்த தோல் மிதக்கும். முதல் நாளே ஊறப்போட்டால் மெதுவாக இறங்கும். வேலையெல்லாம் அந்த இறக்கத்தில்தான். கோரை ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கழியை ஆட்டாமல் நிற்க வேண்டும். தோல் வாலை விரித்துக்கொண்டு அசைந்து அசைந்து கீழே போகும். அடியைத் தொடுவதற்குள் விரால் வந்து வாங்கிக்கொள்ளும்.

வாராவாரம் எனக்கு மாட்டியது, அவருக்கு மாட்டவில்லை. நான் சும்மா இருப்பேனா? விராலை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, சுற்று வழியானாலும் அவர் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். அவர் வாசல் வந்ததும் பெல் அடிப்பேன். உள்ளேயிருந்து அவருடைய அம்மா கதவைச் சாத்துவார். எனக்கு அது பெருநாள் சாப்பாடு மாதிரி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு விரால் பிடித்துவிட்டு, அடுத்ததற்குத் தோலை இறக்கிக்கொண்டிருந்தேன். எதிர்க் கரையிலிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்து பக்கத்தில் விழுந்தது. கோரை சலசலத்தது. இருந்த மீனும் போய்விட்டது. எறிந்தவர் கரையைச் சுற்றி என்னிடமே வந்தார். கழியைக் கீழே போட்டுவிட்டு, அடிப்பது என்ற முடிவோடுதான் நின்றேன்.

“செத்த ஆட்டுத் தோலக் காட்டி ஏமாத்திப் பிடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?” என்றார்.

“ஒங்க தவளையக் கேட்டுப் பாருங்க, அது சொல்லும்.”

அவர் கண் முள்ளில் இருந்த தோலையே பார்த்தது. “எனக்கு ஒண்ணு நறுக்கிக் குடு,” என்றார். கேட்கும்போதும் அதட்டல்தான்.

“எங்கக்காவ வந்து கூப்புடுங்க. ஒண்ணு என்ன, முழுத் தோலே தாரேன்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “கூப்புடலன்னு எவன்டா சொன்னான்? ஒங்கத்தா மொகத்துல முழிக்கக் கூசிக்கிட்டு, நீங்க ஷாப்புக்குப் போன நேரமாப் பாத்து ரெண்டு தடவ வந்தேன். வரமாட்டேன்னு கதவச் சாத்திட்டா. இத வெளிய சொன்னா எனக்குத்தான் அசிங்கம்.”

பொய் என்றேன்.

“போய்க் கேளு,” என்றார்.

அன்று நான் அவர் தெரு வழியாகப் போகவில்லை. வீட்டில் அக்கா விராலை வாங்கி, வழுவழுப்புப் போகச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்க்க உட்கார்ந்தாள்.

“மச்சான் வந்து கூப்புட்டாராக்கா?”

“வந்தாரு.” கை நிற்கவில்லை.

“ஏன் சொல்லல?”

“சொன்னா அனுப்பிருவீங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இம்புட்டு நாளா ஒனக்காகத்தான அந்தாளோட மல்லுக்கு நிக்கிறேன்?”

“எனக்காகவா? போறியா, இருக்கியான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?”

அக்கா மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள். அத்தா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்ன பேச்சு, மச்சானைக் குளத்தில் பார்த்தாயா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அக்கா தலையைத் தூக்கவில்லை. சாம்பல் கை மட்டும் மீன்மேல் அப்படியே நின்றது.

“அவரு எங்க வந்து கூப்புடப் போறாரு அத்தா,” என்றேன்.