டேப் அக்கா அளந்த கால்

தையற்காரரைப் போலக் கழுத்தில் அளவு நாடா தொங்கவிட்டுத் திரிவதால் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். கைக்குழந்தைகளின் ஐ.சி.யூ.வில் பதினெட்டு வருஷ நர்ஸ். கையில் நரம்பு கிடைக்காத குழந்தைக்குத் தொடை இடுக்கு வழியாகப் பெரிய ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான லைன் போடுவார்கள். அங்கே ரத்தம் உறைந்து அடைத்தால் கால் வீங்கும். அதனால் தினமும் காலையில் இரண்டு தொடைகளையும் அளப்பாள். இரண்டாவது ஆளும் அளந்து பார்த்த பிறகே எண்ணைத் தாளில் எழுதுவது அந்த வார்டின் வழக்கம்.

அன்று ஆறாம் தொட்டில் குழந்தைக்கு வலது பதினான்கு, லைன் போட்ட இடது பதினைந்து. இரண்டாவது ஆள், வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர். படிக்கும்போது ஒரே விடுதி அறை. டேப் அக்காவின் பிரசவத்துக்குக்கூட அவள்தான் துணைக்கு இருந்தாள்.

"இடது கால் ஒரு சென்டி கூட இருக்குடி. டாக்டர்கிட்ட சொல்லணும்."

"ரெண்டு மணி நேரம் போராடிப் போட்ட லைன். எடுக்கச் சொல்லிட்டா வேற எங்க போடுறது? நீ அடுத்த தொட்டிலப் பாரு. நான் அளந்துட்டு சொல்லிக்கிறேன்."

டேப் அக்கா தாளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நகர்ந்தாள். அவள் செய்த தப்பு அது, சின்னத் தப்பும் இல்லை. மறுநாள் காலையில் அந்தக் கால் கறுத்து வீங்கியிருந்தது. லைனை எடுத்து, ரத்தம் கரைய மருந்து ஏற்றி, காலைக் காப்பாற்றுவதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

விசாரணையில் தாளை நீட்டினார்கள். பதினான்கு, பதினான்கு. கீழே டேப் அக்காவின் இனிஷியல். பெரிய சிஸ்டர் போடும் அந்த வால் நீண்ட நான்கை அவள் விடுதி நாட்களிலிருந்தே அறிவாள்.

"இது என் எழுத்து இல்ல சார். நான் இவகிட்ட சொன்னேன்."

பெரிய சிஸ்டர் மேஜையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல."

விசாரணையில் இருந்த வார்டு டாக்டருக்கும் அந்த எழுத்து தெரியும். தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினார். கூடப்பிறந்தவளாக நினைத்தவள் நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாள். டேப் அக்காவைக் கீழே வெளிநோயாளிப் பிரிவில் எடை பார்க்கப் போட்டார்கள். வேலை எங்கே என்றாலும் வேலைதான். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு மட்டுமாவது உண்மை தெரிந்தால் போதும் என்றிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா குழந்தையோடு வந்தாள். டேப் அக்கா ஆசையாகக் கை நீட்டினாள். அம்மா ஓரடி பின்னால் போனாள்.

"நீங்க தொட வேணாம். வீக்கத்தப் பாக்காம விட்டது நீங்கதானாமே. பெரிய சிஸ்டர் இல்லேன்னா எம்புள்ளைக்குக் காலே இருந்திருக்காது. அவங்களக் கூப்பிடுங்க."

டேப் அக்கா இன்டர்காமை எடுத்தாள்.

"ஆறாம் தொட்டில் அம்மா வந்திருக்காங்க சிஸ்டர். உங்களத்தான் கேக்குறாங்க."