தரைப்பாலத்தில் நின்ற வண்டி

செய்தி பாஷா பாயிடமிருந்துதான் வந்தது. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் டீசல் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறைக்காரர் அவர். காலை பத்து மணி இருக்கும். மண்டகப்பட்டில் ஒரு சினை மாட்டைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். "சார், டாக்டரம்மா போய்ட்டாங்க சார்" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பாய், "அவங்க வண்டிக்கு நேத்துதான் பிரேக் பார்த்து முடிச்சேன். இனிமே யார்கிட்ட சார் சாவி குடுக்கறது?" என்றார்.

எலிக்காய்ச்சல். ஆறே நாள். கடைசி மழையில் செத்துக் கிடந்த மாடுகளை அறுத்துப் பார்க்கத் தேங்கிய தண்ணீரில் மூன்று நாள் நின்றார். முதலில் உடம்பு வலி என்றார், பிறகு கண் மஞ்சளானது, பிறகு சிறுநீரகம் நின்றது. ஐம்பதைத் தொடவில்லை.

டாக்டர் ஜெசிந்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கைவிட்டுக் கன்றைத் திருப்பியவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போதே கோழிக்கு மருந்து சொன்னவர். அவருடைய மருந்தகத்தில் கால்நடை ஆய்வாளராகப் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவன் நான். நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதை எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் நான் அஞ்சலி என்று எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அவருடைய வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் எல்லையில் மலைக்குப் பின்னால் ஒரு சிற்றூர் உண்டு. முப்பது வீடு, வீட்டுக்குப் பத்து ஆடு. அப்போதெல்லாம் என் பைக்கில் போய், அது ஏறாத இடத்தில் நிறுத்திவிட்டு, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே நடப்போம். ஒரு சித்திரை மாதம் போய்ச் சேர்வதற்குள் பெட்டியிலிருந்த ஐஸ் முழுதும் உருகிவிட்டது. ஆடுகளைப் பிடித்துக்கொண்டு ஜனம் காத்து நிற்கிறது. டாக்டர் மருந்துக் குப்பியைத் தொட்டுப் பார்த்தார். "செத்த மருந்தப் போட்டுட்டு, போட்டாச்சுன்னு எழுத மாட்டேன் சார். வாங்க" என்று திரும்பிவிட்டார். மறுபடி போக நாங்கள் நாள் குறிப்பதற்குள் ஆட்டுக்கொல்லி நோய் அங்கே வந்துவிட்டது. குழி வெட்ட முடியாத பாறை நிலம் என்பதால் ஆடுகளைக் குவித்து எரித்தார்கள். அந்தப் புகையைப் பார்த்தபடிதான், "ஒரு வண்டி வாங்கணும் சார். சொந்தத்துல" என்றார்.

புது வண்டியைக் கல்லில் ஏற்ற மனசு வராது என்றார். அதனால் பழைய வண்டி. பாஷா பாயையும் என்னையும் அழைத்துக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தார். திண்டிவனத்தில் முதலில் பார்த்தது ஏற்கனவே மலைக்கென்று மாற்றிய வண்டி. இடுப்பு உயரத்துக்கு டயர், கூரை மேல் வரிசையாக விளக்கு, முன்னால் இரும்புக் கொம்பு. எனக்கு வாய் பிளந்துவிட்டது. அவர் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச்சோடு அடியில் நுழைந்தார். எழுந்து வந்தபோது முகத்தில் கிரீஸ். "இவ்ளோ உசரம் தூக்கினா வளைவுல கவுந்துடும். அடியில வெல்டு வச்சு, மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. வேற ஒருத்தர் மாத்தின வண்டி வேணாம் சார். அவரு இன்னா செஞ்சாருன்னு நமக்குத் தெரியாது."

புதுச்சேரியில் பார்த்தது பளபளவென்று இருந்தது. ஓட்டியதும் குறைவுதான். டாக்டர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு மூக்கால் இழுத்தார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினார். வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியில் காய்ந்த சேறு ஒரு கோடாக இருந்தது. வெள்ளத்தில் முங்கி எழுந்த வண்டி. விற்றவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "மாடும் பேசாது, வண்டியும் பேசாது. பேசறவங்க எல்லாம் விக்கறவங்கதான்."

மூன்றாவது, திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வைத்திருந்தது. பத்து வயதான டீசல் வண்டி. முதலிலிருந்து ஒரே கையில் இருந்தது. கதவில் கீறல், உள்ளே வேர்க்கடலைத் தோல். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். போனவுடன் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது; முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைக்கவில்லை. முதல் திருப்பிலேயே பிடித்தது, புகையும் வரவில்லை. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன லீவரைப் போட்டு, பக்கத்திலிருந்த ஏரிக்கரையில் ஏற்றி இறக்கினார். "யாரும் தொடாத லீவர் உள்ளயே பிடிச்சிக்கும். இவரு தொட்டிருக்காரு" என்றார். செஞ்சியிலேயே ஸ்பேர் கிடைக்குமா என்று பாயிடம் கேட்டார். கிடைக்கும் என்று பாய் சொன்ன பிறகுதான் சிரித்தார்.

மாற்றுவதிலும் அப்படித்தான். "வாரத்துல ஆறு நாள் தார் ரோட்டுல ஓடப்போவுது. ஆறு நாளைக்குன்னு வாங்கியாச்சு. ஏழாவது நாளைக்கு வேணுங்கறத மட்டும் மாத்துங்க பாய்" என்றார். அடியில் இரும்புத் தகடு, கல்லைப் பிடிக்கும் டயர், கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங். தடுப்பூசிக்குப் பின்பக்கம் ஒரு குளிர்பெட்டி, அதற்கென்று தனி பேட்டரி. இவ்வளவுதான். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியைக் கூரை வரை தூக்கி ஒரு குழாய் வைக்கலாம், தண்ணீரில் இறங்கினாலும் நிற்காது என்று பாய் சொன்னார். "வேணாம் பாய். குழாய் இருந்தா தண்ணியில இறங்கச் சொல்லும்" என்று மறுத்துவிட்டார்.

நான்கு ஆண்டு அந்த வண்டி எங்களை எங்கும் நிறுத்தவில்லை. அந்தச் சிற்றூரில் அதற்குப் பிறகு ஒரு ஆடுகூட நோயில் போகவில்லை.

பிறகு அந்த ஐப்பசி அமாவாசை. மூன்று நாளாக விடாத மழை. நாங்கள் அதே சிற்றூரில் இருந்தோம். மதியம் இரண்டு மணி சுமாருக்கு அந்த ஊர்க்காரர் ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். விறகு எடுக்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கால் வீங்கி, ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் பின்சீட்டை மடக்கினார். மனைவி பொன்னி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஏழுமலையின் அண்ணனும் ஏறிக்கொண்டார். செஞ்சி ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் ஒரு தரைப்பாலம்; காலையில் தண்ணீர் ஏறாதபோது அதில்தான் வந்திருந்தோம்.

பாலம் தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் அகலமாக, ஏரி மாதிரி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் வண்டியை நிறுத்தி, "எவ்ளோ ஆழம்னு பாக்கணும்" என்று இறங்கப் போனார். "நீங்க இருங்க மேடம்" என்று நான் இறங்கினேன்.

பாலம் ஒரு வளைவில் இருக்கிறது. கருவேலம் புதர் மறைப்பதால் பாதிக்குமேல் போனவனைக் கரையிலிருந்து பார்க்க முடியாது. பாதி வரை இடுப்பளவு. அதைத் தாண்டி நெஞ்சளவு. அங்கே என் கால் நிற்கவில்லை. மேலே அமைதியாகத் தெரிந்த தண்ணீர், அடியில் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்தது. பாலத்து ஓரக்கல் ஒன்று கையில் அகப்பட்டதால் உயிரோடு திரும்பினேன். எந்த வண்டியாக இருந்தாலும் அந்த இடத்தில் புரட்டிக்கொண்டு போயிருக்கும்.

கரைக்கு வந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், போலாம்னு சொல்லு சார்" என்று அழுதார். பொன்னி என்னையே பார்த்தார். "இடுப்பளவுதான் மேடம். போலாம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டுவிட்டேன். முடியாது என்று சொல்லும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. அந்த வார்த்தையை அவரே சொல்லட்டும் என்று இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். "நெஞ்சு வரைக்கும் செம்மண் தண்ணி ஏறியிருக்குது சார்" என்று மெதுவாகச் சொன்னார். வண்டியைப் பின்னால் எடுத்தார். அண்ணன் சீட்டைக் குத்திக்கொண்டு கத்தினார். மலையைச் சுற்றி மேல்மலையனூர் சாலையில் போய் ஏறும் கல் தடம் ஒன்று இருந்தது. சின்ன கியரில், மழையில், ஒரு தடவைகூட சறுக்காமல் அதைத் தாண்டினார். தார் ரோட்டுக்கு வந்ததும் சிறப்புப் பேருந்துகள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு வந்த ஜனம் சாலை முழுக்க. எலுமிச்சம்பழமும் கையுமாக நனைந்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் இறங்கி ஓடி வழி விலக்கினேன். வண்டி நகரும், நிற்கும். அப்படி நின்ற ஓர் இடத்தில் உள்ளிருந்து பொன்னியின் குரல் கேட்டது. ஏழுமலை போய்விட்டார்.

மறுநாள் மருந்தகத்துக்கு எதிரே டீக்கடையில் கேட்டார்கள். "இவ்ளோ பெரிய வண்டிய வச்சிக்கிட்டு அந்தம்மா ஏன் சார் தண்ணியில வுடல?" நான் பேசாமல் இருந்திருக்கலாம். "நான் போலாம்னுதான் சொன்னேன்" என்றேன். அது ஒரே நாளில் ஊரெல்லாம் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் போனபோது, ஏழுமலையின் அண்ணன் எல்லார் முன்னாலும் டாக்டரிடம் கேட்டார்: "உங்க ஆளே போலாம்னு சொன்னாரே. உசுர விட வண்டி பெருசா போச்சா உனக்கு?"

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாண்ணா, அவரு சொன்னாரு. நான்தான் போகல" என்றார். என் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகும் அந்த ஊருக்குப் போனோம். சிலர் ஆட்டைப் பிடித்து வராமல் வீட்டுக்குள் இருந்துகொள்வார்கள். அவரே கொட்டகைக்குள் போய்ப் பிடித்து ஊசி போட்டுவிட்டு வருவார். பொன்னியின் வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்பார். பொன்னி பேசமாட்டார்.

ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார். "சார், பாய் அந்தக் குழாய் வைக்கறேன்னாரே. வச்சிருந்தா அன்னிக்குப் போயிருக்கலாம் இல்ல? நெஞ்சளவு ஆழம்தானே."

இதைத்தான் எழுத வந்தேன். அவருக்கு ஆழம் மட்டும்தான் தெரியும், அதுவும் என் சட்டையை வைத்து. இழுப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். குழாய் இருந்திருந்தாலும் ஐந்து பேரும் போயிருப்போம், நீங்கள் செய்ததுதான் சரி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் நான் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். "அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த மாதமே பாயிடம் சொல்லிக் குழாயை வைத்துவிட்டார். பட்டறையில் அதைப் பொருத்தும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தமாஷாக ஏதோ சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரிலும் அவர் அந்த வண்டியை இறக்கியதும் இல்லை.

டாக்டரின் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்தச் சிற்றூருக்குப் போய்ப் பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. நான் முடிக்கும்வரை கேட்டார். அழவில்லை, திட்டவில்லை.

"இத்த அந்தம்மா உசுரோட இருக்கும்போது சொல்லியிருக்கணும் சார்" என்றார். "என்னாண்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? அது ஒவ்வொரு வாட்டியும் வாசல்ல வந்து நிக்கும். நான் ஒரு வா தண்ணி குடுத்ததில்ல." பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், பொருளாக ஒன்றும் இல்லை. ஒரு காலை நேரம் இருக்கிறது. ஏழுமலையின் காரியத்துக்குப் போய்வந்ததற்கு மறுநாள். வேலையை விட்டுவிடலாமா, வேறு மருந்தகத்துக்கு மாற்றல் கேட்கலாமா என்று இரவு முழுதும் புரண்டுவிட்டுப் படுக்கையிலேயே கிடந்தேன். ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. வெளியே வந்தேன். அவர் குனிந்து இடப்பக்கக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டார்.

"ஏறுங்க சார். தொண்டூர்ல ரெண்டு மாடு நிக்குது."

ஏறினேன். ஊர் தாண்டியது. பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.