கொக்குப் படத்து மழை

உலகத்திலேயே மழையை மிக அழகாக வரைந்தவர், அந்தக் கொக்குப் படத்தை வரைந்தவர்தான் என்று போன மாதம்வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது போதாதென்று, லூனாஸ் ஊர் மண்டபமொன்றில் மைக்கைப் பிடித்துக் கால் மணி நேரம் பேசியும் விட்டேன். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடிய நாள் அது. நான் பேசி முடித்ததும் படம் போடுவதாக ஏற்பாடு.

படம் சின்னதுதான். பேச்சு கிடையாது, கறுப்பு வெள்ளை, எல்லாம் கையால் வரைந்தது. ஒரு கொக்கு குடை பிடித்துச் சந்தைக்குப் போகும், அவ்வளவே கதை. கோலா கெத்தில் பக்கமிருந்த எங்கள் தோட்டத்துக்குப் படக்காரரின் வேன் ஆண்டுக்கொரு முறை செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். திடலில் வெள்ளைத் துணி கட்டி, பெரிய படத்துக்கு முன்னால் இதை ஓட்டுவார். சூடேறிய மெஷின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வீட்டில் மிக்ஸி கருகினால் மனைவி திட்டுவாள், நான் ரசிப்பேன்.

முதல் தடவை படத்தில் தூறல். அடுத்த வருடம் நல்ல மழை. கடைசியாகப் பார்த்தபோது அடைமழை, கொக்கே சரியாகத் தெரியவில்லை. மழை பெய்தால் எங்களுக்குப் பால்மரம் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுவார்: “பாவம்லா, அதுக்கும் இன்னிக்கு வேல இல்ல.”

மண்டபத்தில் படம் ஓடியது. புதிதாகச் சுத்தம் செய்த பிரதியாம். பளிச்சென்று வெயில். ஒரு சொட்டு மழையில்லை. என் சட்டைக்குள் மட்டும் பெய்தது. பின்வாசல் எந்தப் பக்கம், செருப்பை எங்கே விட்டேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

முன்வரிசையிலிருந்து சரோஜா அக்கா கேட்டார். “தம்பி, மழ எங்க?”

“வரும்க்கா.”

படம் முடிந்தது. வரவில்லை.

“இது வேற படம்லா. நம்ம கொக்கு நனையும்,” என்று அக்கா தீர்ப்புச் சொல்ல, மண்டபமே தலையாட்டியது. என் மானம் தப்பியது. அப்படியே விட்டிருக்கலாம். நானோ, இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். குடைக்கடியில் ஒரு நிழல். ஒவ்வோர் அடிக்கும் அதுவும் நெளிந்து கூடவே நடக்கிறது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிறது என்று நான் மேடையில் விளக்கிய நடை, சுடுகிற தரையில் கால் வைக்க அஞ்சும் நடை. எந்தக் கை வரைந்ததோ, பார்க்கும்போதே என் உள்ளங்கால் சுட்டது.

“அதே கொக்குதான்க்கா,” என்றேன்.

படத்தில் மழை பெய்யவே இல்லை. எங்கள் தோட்டத்துப் புழுதி மெஷினுக்குள் புகுந்து, ஓட்ட ஓட்ட ரீலைக் கீறியிருக்கிறது. அந்தக் கீறல்களை இப்போது அழித்துவிட்டார்கள்.