வெப்சைட்டில் ஒரு முருகா

இதை எழுத நாலைந்து வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் சட்டத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான். சிரித்தால் சிரிக்கட்டும். நடந்ததில் பாதி சிரிப்புதான்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மகளும் அவளோடு காலேஜில் படிக்கும் இரண்டு பேரும் ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நத்தத்துப் பையன். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவன்தான். இன்னொருத்தி டவுனில் தோல் வியாபாரம் செய்யும் பாய் வீட்டுப் பெண். நம் நாட்டில் பேச்சுரிமை என்றால் என்ன, சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று எல்லாருக்கும் விளங்குகிற தமிழில் எழுதியிருந்தார்கள். பையனுடைய அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் காதால் கேட்கிற மாதிரியும் வைக்க ஆசைப்பட்டார்கள். அவர்கள் வாசித்தால் நியூஸ் மாதிரி இருந்தது. என்னைப் பிடித்தார்கள்.

"நான் சாமி புத்தகம் வாசிக்கிறவ, தாயி."

"அந்தக் குரல்தாம்மா வேணும்" என்றாள் பாய் வீட்டுப் பெண்.

விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவதூறு பக்கம் வந்தது. ஒருத்தர் மேல் இல்லாததைச் சொல்லி மானத்தை வாங்கினால் கேஸ் போடலாமாம்.

"ஏலே அப்பு, அப்ப நம்ம குழாயடியில ஒருத்தரும் மிஞ்ச மாட்டாகளே!"

"நீங்க முதல் ஆளும்மா" என்றான் நத்தத்துப் பையன். மூன்றும் உருண்டு உருண்டு சிரித்தன.

எல்லாம் வாசித்தாயிற்று. போட்டுக் கேட்டால், பத்திக்குப் பத்தி 'முருகா' என்று ஒரு பெருமூச்சு! எதை வாசித்தாலும் எனக்கு அப்படித்தான். சொன்னதே தெரியாது.

"அம்மா, மானத்தை வாங்குற" என்றாள் மகள். "முருகனை விட்டுட்டு வாசி."

"அவரை விட்டுட்டா என்கூட யாரு இருக்கா?"

இருந்தாலும் வாயைக் கட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். தடுமாறி, வரியைத் தப்பவிட்டு, கடைசியில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலேஜில் காட்ட வேண்டும். என்னால் பிள்ளைகள் வேலை கெட்டுவிடுமோ என்று கண் கலங்கிவிட்டது.

"நான் வெட்டிடுறேம்மா, கவலைப்படாதீக" என்று பையன் கம்ப்யூட்டரை இழுத்தான்.

பாய் வீட்டுப் பெண் அவன் கையைத் தட்டிவிட்டாள். "பேசுனது அவங்க. அவங்கள கேக்காம வெட்டுறியே, முதல் பக்கத்துல பேச்சுரிமைன்னு என்னடா எழுதி வச்சிருக்க?"

அவனே முதலில் சிரித்துவிட்டான். என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கம்மா, என்ன செய்யட்டும்?" என்றான்.

என் பேச்சை வெட்டலாமா என்று என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பூரித்துப்போனேன். யோசித்தேன். சட்டம் எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களுக்கும், கும்பிடாதவர்களுக்கும் பொது. நடுவில் முருகா என்றால், அதுவும் சட்டத்தில் இருக்கிறது என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

"நடுவுல உள்ளதையெல்லாம் எடுத்துரு அப்பு. கடைசியில, வாசிச்சது இந்த வீட்டு அம்மான்னு நானே சொல்லிக்கிறேன். அதுக்குப் பின்னாடி ஒரே ஒரு முருகா. அது என்னோடது."

அப்படியே செய்தார்கள். காலேஜில் அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் கைத்தட்டல் என்று மகள் ஓடிவந்து சொன்னாள். நத்தத்து அம்மா எல்லாப் பக்கத்தையும் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்று போன் பண்ணினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம்.

ஆனால் எங்கள் தெருவில் இது வேறு மாதிரி சுற்றியது. சாமி பேரைச் சொல்லக் கூடாது என்று பாய் வீட்டுப் பிள்ளை வெட்டச் சொல்லிவிட்டதாம். வெட்டாதே என்று கையைத் தட்டியவள் அவள். வெட்டச் சொன்னவள் நான். இதை யாரிடமாவது சொல்வதானால் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.