தும்புத்தடித் தாளம்

இதை எழுதவேணும் என்று எத்தனையோ வருசம் பேனையை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறேன். வெட்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஊரைவிட்டு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். கட்டடத்தின் கீழே ஒரு பொது மண்டபம். ஞாயிறு பின்னேரம் அதில் எங்கள் கூட்டுப்பிரார்த்தனை. அதற்கு முந்தின இரண்டு மணித்தியாலம் ஒரு கறுப்பின அம்மாவுக்கும் அவவின் உறவினர் நாலு பேருக்கும். அமெரிக்காவின் தெற்குக் கரையோரத் தீவுகளில் இருந்து வந்த குல்லா ஆக்கள். தங்கள் பழைய பக்திப் பாட்டுகளை அங்கேதான் பாடிப் பழகினார்கள். அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

ஒருநாள் நேரத்தோடு போய்க் கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். ஒருவர் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் தரையில் இடிக்க, மற்றவர்கள் கைதட்டிப் பாடி, பாதத்தைத் தூக்காமல் அரக்கி அரக்கி வட்டமாய்ப் போனார்கள். இடப்பக்கமாய். சுவாமியை நாங்கள் வலமாய்ச் சுற்றுகிறோம். இவர்கள் இடமாய், அதுவும் தும்புத்தடியோடு. சூனியம் என்றே முடிவு கட்டினேன். முறைப்பாடு எழுதி, எங்கள் ஆக்களிடம் கையெழுத்து வாங்கிக் கட்டடப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். பின்னேரம் முழுக்க மண்டபம் எங்களுக்கு வந்தது.

அந்த அம்மா தடியோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. எனக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. ஆறாம் வகுப்புப் படித்த மகள்தான் சொல்லித் தந்தாள்.

"அப்பா, அவையின்ரை முன்னோர் அடிமையளாம். முதலாளிமார் மேளத்தைப் பறிச்சுப்போட்டினமாம். அதாலைதான் தடியாலை தாளமாம். இது டான்ஸ் இல்லையாம், கும்பிடுறதாம். ஒரு மணித்தியாலம் எண்டாலும் தரட்டாம்."

நான் சிரித்தேன். "தும்புத்தடிக்கு எங்கடை வீட்டிலை ஒரு வேலைதான். வாசலைக் கூட்டிப்போட்டுப் போகச் சொல்லு."

மகள் நிலத்தைப் பார்த்தபடி இங்கிலிஷில் ஏதோ சொன்னாள். அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனா. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு நாங்கள் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, ஐந்து பேரும் வெள்ளை உடுப்போடு கதவடியில் வந்து நின்றார்கள். மகள் என் காதுக்குள் அழுதாள்.

"நீங்கள் ஓம் எண்டதாச் சொல்லிப்போட்டன், அப்பா."

அம்மா தடியால் கதவில் மெல்லமாய் மூன்றுதரம் தட்டினா. நெற்றி நிறையத் திருநீறோடு நான் எழும்பிப் போய்ப் பூட்டைப் போட்டேன். பாட்டை நிப்பாட்டாதேங்கோ என்றேன். இன்னும் பலமாய்ப் பாடினோம். கண்ணாடிக்கு அங்காலே நின்று அவ என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தா.

அதற்குப் பிறகு அந்தத் தடிச்சத்தம் எங்கள் கட்டடத்தில் கேட்கவில்லை. மகளும் பிறகு ஒருநாளும் எனக்காக இங்கிலிஷ் கதைக்கவில்லை.

அவள் இரக்கப்பட்டு என் சொல்லை மாற்றினாள். நீங்கள் மாற்றவேண்டாம். இதை ஆருக்காவது சொல்லுவதென்றால், தும்புத்தடிக்கு நான் சொன்ன வேலையையும், கதவைப் பூட்டினதையும், பூட்டிவிட்டுப் பாடினதையும் அப்படியே சொல்லுங்கோ.