விடியற்கால பஸ்

அந்த வாரம் மாடிப்படி கழுவுவது அவள் முறை. மேல்மாடியிலிருந்து துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தவளுக்கு எதிரே, கடைசிப் படியில், பளபளவென்று ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. "காயட்டும், மிதிக்காதீங்க" என்றாள் தலையைத் தூக்காமலே. ஷூ அப்படியே நின்றது. யாரடா இது, சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் என்று நிமிர்ந்து பார்த்தால், கவுன்சிலர்.

"அக்கா, உங்க கட்டடம் இந்தத் தடவை நம்ம வார்டுல சேர்ந்திருச்சு. நீங்கதான் இங்க மேஸ்திரியாமே? எல்லாரும் கையைக் காட்டுறாங்க."

மேஸ்திரி என்பது குடித்தனக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். குழாய் ஒழுகினாலும், புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொண்டாலும் பஞ்சாயத்து அவளிடம்தான் வரும். ஹோட்டல் சலவைக் கூடத்தில் ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர்ப் பேச்சு நாக்கில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்ததால், வேறு நாட்டுக்காரி என்று அவளே சொன்னால்தான் உண்டு.

கவுன்சிலருக்கு அவள் முகம் நினைவில்லை. அவளுக்கு அவர் காது மடலில் இருக்கும் மருகூட நினைவிருந்தது.

முன்பெல்லாம் விடியும் முன்னே ஒரு பஸ் வரும். கூட்டிப் பெருக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், சலவைக்காரர்கள் எல்லோரும் அரைத் தூக்கத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு வேலைக்குப் போவார்கள். பஸ் போகிற வழியில் இருந்த பங்களாத் தெருக்காரர்கள், சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்றார்கள். கவுன்சிலர் பஸ்ஸை நிறுத்தினார். அவருடைய வார்டு கூட்டத்துக்கே போய் அவள் எழுந்து நின்று வாயைத் திறந்தாள்.

"ஓட்டு உண்டாம்மா உங்களுக்கு? இல்லையா? அப்ப உட்காருங்க. ஓட்டு இருக்கவங்க பேசவே இங்க நேரம் பத்தல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த வருஷ மழைக்காலத்தில், இருட்டில் வேலைக்கு நடந்து போன அவள் புருஷனைப் பால் வேன் இடித்தது. முழங்கால் போயிற்று, அதோடு ஹோட்டல் சமையற்கட்டு வேலையும் போயிற்று. ஊரைப் பொறுத்தவரை இடித்தது வேன்காரன். அவளைப் பொறுத்தவரை கவுன்சிலர்.

"உங்க கட்டடத்துல எத்தனை ஓட்டுன்னு லிஸ்ட்டே இருக்கு என்கிட்ட" என்றார் அவர் பெருமையாக.

உண்மை அவள் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. லிஸ்ட்டில் இருந்தவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வசதியான பேட்டைகளுக்குப் போனவர்கள், பெயரை மட்டும் எடுக்காமல் போயிருந்தார்கள். உள்ளே குடியிருப்பவர்கள் எல்லோரும் அவளைப் போலவே வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஒருவருக்கும் ஓட்டுக் கிடையாது.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "மேல வாங்க, உட்கார்ந்து பேசலாம்."

ஜன்னலோரம் காலை நீட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த புருஷன், வந்தவரைப் பார்த்ததும் கைத்தடியைத் தேடினான்.

"விடியக்கால பஸ் திரும்ப வரணும்" என்றாள் அவள்.

கவுன்சிலர் மருவைத் தடவினார். "அந்தத் தெருக்காரங்க கொஞ்சம் ஒரு மாதிரிக்கா…"

"அவங்க ஒரு தெரு. இங்க நாலு மாடி. நான் ஒண்ணு சொன்னா கட்டடமே அதைத்தான் செய்யும், விசாரிச்சுப் பாருங்க." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. "இன்னொண்ணு. இருட்டுல பஸ் வர்றது தெரியாது. அந்தத் தெரு முனையில நிறுத்தி, நல்லா ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. தேர்தலுக்கு முன்னாடியே ஓடணும். ஓடினாத்தான் எங்க சனம் நம்பும்."

கவுன்சிலர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். படியிறங்கும்போது ஷூ வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, நமக்கு ஏதுடி ஓட்டு?" என்றான் புருஷன்.

"இருக்குன்னு நான் சொன்னேனா? அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டான். இன்னைக்குக் கேக்கல. நானா ஏன் சொல்லணும்?"

"சரி, பஸ்ஸு வந்தாப் போதும். ஹாரன் எதுக்கு? நாமதான் முன்னாடியே போய் நிப்போமே."

அவள் பூண்டுத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டாள். அவன் கை நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தத் தெரு மொத்தமும் அவனுக்கு எதிரா ஓட்டைக் குத்தும். சரிதான். ஆனா ஜெயிச்சு வர்றவன் முதல் வேலையா பஸ்ஸை நிறுத்துவானே. நடக்கப் போறது நீதானேடி?"

"நடந்து பழகின காலுதாங்க. இவன் தோத்து வீட்ல உட்காரணும். அவ்வளவுதான்."

அடுத்த வாரமே பஸ் வந்தது. பங்களாத் தெரு முனையில் நின்று, பாம் பாம் என்று ஊரையே எழுப்பியது. "மேலிடத்து உத்தரவும்மா, என்னைத் திட்டாதீங்க" என்றார் டிரைவர். "நான் எங்க திட்டுறேன்? இன்னொரு தடவை அடிங்கண்ணே, பின்னாடி ஒருத்தர் வர்ற மாதிரி இருக்கு." பின்னால் ஒருவரும் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாடிகளில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதைப் பார்த்தாள். இரவு உடையில் ஒருவர் வெளியே வந்து கத்தினார். அன்று சலவைக் கூடத்தில் அவள் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டு, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று பக்கத்து மெஷின்காரி விசாரித்தாள்.

தேர்தலன்று கட்டடத்தில் யாருக்கும் லீவு இல்லை. வழக்கம்போல எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பங்களாத் தெரு முழுக்கத் திரண்டு போய் ஓட்டுப் போட்டது. கவுன்சிலர் தோற்றார். ஜெயித்தவர் மாலையைக் கழற்றும் முன்பே, மாதக் கடைசியோடு அந்த பஸ் நின்றுவிடும் என்று அறிவித்தார். அவள் டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கவுன்சிலர் வந்தார். இந்த முறை படி ஈரமா என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தருக்குக்கூட ஓட்டு இல்லையாமே இங்க! வேணும்னே செஞ்சீங்களா? ஊரே கைகொட்டிச் சிரிக்குது. அப்படி நான் என்னம்மா பண்ணேன் உங்களுக்கு?"

"உட்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். எதிரே புருஷனின் மடங்காத கால் நீட்டிக் கிடந்தது. அவர் கண் முழங்கால் தழும்பின் மேல் போய்விட்டு, ஒன்றும் தட்டுப்படாமல் திரும்பியது. அவள் போர்வையின் ஒரு முனையைப் புருஷனிடம் நீட்டினாள். அவன் உட்கார்ந்தபடியே இழுத்துப் பிடித்தான். உதறி மடித்தார்கள். அடுத்ததை எடுத்தார்கள்.

"உங்களைத்தாம்மா கேக்கறேன். இதுக்கு முன்னாடி உங்களை நான் பார்த்ததுகூட இல்லையே. யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

புருஷன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் போர்வையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து நீவினாள்.

"சொல்லுங்கம்மா."

கடைசிப் போர்வையும் அடுக்கில் ஏறியது. கவுன்சிலர் எழுந்தார். கதவருகே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து புருஷன் காலடியில் கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வெளியே போனார்.