கப்பல் வராத மழைக்காலமும் அத்தையின் முட்டியும்

அத்தையின் மூட்டுவலி மாத்திரை சும்மா என்று சின்ன வயதில் நான் நிரூபித்ததை எங்கள் வீட்டில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

அப்பாவின் அக்கா அவர். சுனாமி அவருடைய கணவரையும் படகையும் கொண்டுபோன பிறகு தீவில், ஜங்லிகாட்டில் எங்களோடு இருந்தார். காலையில் மீன்கூடையைத் தலையில் ஏற்றினால் டெலானிபூர் மேடு முழுக்க "மச்லீ" என்று இந்தியில் மீன் கூவும் அவர் குரல்தான். முட்டி வலித்தது. அப்பாவுக்கு அது போதும். "கூடையை இறக்கலைன்னா அடுத்த கப்பல்ல ஊருக்கு ஏத்தி விட்ருவேன்க்கா. சின்னக்கா வீட்ல உக்காந்து சாப்பிடு" என்று தினமும் ஒரே பாட்டு.

அத்தை மசிகிற ஆளா? சென்னைக் கப்பலில் மூலிகை மாத்திரை வரவழைத்தார். பழுப்பு உருண்டைகள். அப்பா டீ குடிக்கும்போது எதிரே நின்று, ஒன்றை அண்ணாந்து போட்டு, முட்டியை மடக்கி நீட்டிக் காட்டுவார். "பாத்துக்கோலே, பக்கா குணம்." அப்பா வாயை மூடிக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவே இல்லை. கடையில் வெங்காயம்கூட இல்லை. அத்தையின் புட்டி மட்டும் தீரவில்லை. எனக்குச் சந்தேகம். திறந்து பார்த்தேன். ஊறவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை!

எதையும் கொடுத்தும் பார்க்க வேண்டும், நிறுத்தியும் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். முன்பு மாத்திரை தின்றபோதும் அத்தை சுவரைப் பிடித்துத்தான் படி இறங்கினார். கடலை தின்றபோதும் அப்படியேதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ நேரத்தில் போட்டு உடைத்தேன்.

"அப்பா, அது கடலை! மருந்து இருந்தாலும் இல்லாட்டாலும் அத்தைக்கு வலி ஒண்ணுதான்!"

அப்பா டம்ளரை வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை கூசவே இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"ஆமாலே, வலிக்கத்தான் செய்யுது. மாத்திரை என் முட்டிக்கு இல்ல, உன் வாய்க்கு. கடல் எல்லாத்தையும் எடுத்துட்டு இந்தக் கூடையத்தான் விட்டு வச்சிருக்கு. இதை நீ எடுக்கப்போறியா? தைரியமிருந்தா கப்பல்ல ஏத்திப் பாரு!"

சுவரைப் பிடித்துப் படியிறங்கிப் போய்விட்டார்.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. துறைமுகத்துக்குப் போன அப்பா அத்தைக்கு டிக்கெட்டோடு வருவார் என்று பயந்தேன். புது மாத்திரைப் புட்டியோடு வந்தார்! மறுநாள் காலையில் டீ டம்ளரோடு அத்தைக்காகக் காத்திருந்தார். அத்தை ஒன்றைப் போட்டுக்கொண்டு முட்டியை நீட்டினார். "நல்லாத்தான் மடங்குது" என்றார் அப்பா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தெளிவாக நிரூபித்தும் இந்த வீட்டில் ஒருவருக்கும் புத்தி வரவில்லையே!